லண்டன் படம் வருகிறது. கடைசித் தேதி வருவதில்லை

விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஆதிதிராவிடர் நல மாணவர் விடுதி. இரவுச் சாப்பாடு முடிந்து, மொட்டை மாடியில் ஏழெட்டு மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கும் ஒருவர் தன் கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். திரையில் லண்டன் பாலம். அதன் முன்னால் கோட் போட்ட இளைஞர் ஒருவர் நல்ல தமிழில் பேசுகிறார். ஆங்கிலத் தேர்வு வேண்டாமாம், அரியர் இருந்தாலும் பரவாயில்லையாம், இன்றைக்கே அழைத்தால் பதிவுக் கட்டணத்தில் தள்ளுபடியாம். அந்த வீடியோ முடிந்ததும் அடுத்தது கனடா. அதற்கடுத்து ஜெர்மனி.

“இதுக்கெல்லாம் எவ்வளவுண்ணா ஆகும்?” என்று கேட்டார்.

அவருடைய அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். வெட்டு இல்லாத மாதங்களில் சித்தாள் வேலை. லட்சக் கணக்கில் பணம் கேட்டால் அந்த வீட்டில் என்ன பதில் வரும் என்பது அவருக்கே தெரியும். கேட்பதற்குக் காசா பணமா, கேட்டு வைத்தார். பட்டியல் சமூக மாணவர்கள் வெளிநாட்டில் முதுநிலைப் படிப்போ முனைவர் பட்டமோ படிக்க ஒன்றிய அரசே கல்விக் கட்டணம், தங்கும் செலவு, விமான டிக்கெட் எல்லாம் கொடுக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது என்று நாம் சொன்னபோது, மாடியில் இருந்த ஒருவர்கூட அதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. அங்கேயே இணையத்தில் தேடிப் பார்த்தோம். அந்த ஆண்டு விண்ணப்பம் மூடி பதினொரு நாள் ஆகியிருந்தது.

தினம் மூன்று மணி நேரம் லண்டனைக் காட்டும் கைப்பேசி, அந்த ஒரு தேதியை மட்டும் ஏன் காட்டவில்லை? அன்று இரவிலிருந்து நமக்குள் ஓடும் கேள்வி இதுதான்.

கேளுஸ்கர் செய்த வேலை

அம்பேத்கர் அமெரிக்கா போன கதை எல்லோருக்கும் தெரியும். அதில் ஓர் ஆசிரியரின் பங்கை நாம் சற்று வேகமாகவே தாண்டிப் போய்விடுகிறோம். பம்பாயில் சர்னி ரோடு பூங்காவில் மாலை நேரங்களில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த பையனைக் கவனித்தவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர். 1907-இல் அந்தப் பையன் மெட்ரிகுலேஷன் தேறியபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தவரும் அவரே. கல்லூரிப் படிப்புக்குப் பணம் இல்லை என்ற நிலை வந்தபோது பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டிடம் அழைத்துப் போனதும் அவர்தான். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அந்த அறிமுகத்தின் தொடர்ச்சியாகத்தான் 1913-இல் வெளிநாட்டுப் படிப்புக்கான வாய்ப்பும் வந்தது. மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகள், கொலம்பியா பல்கலைக்கழகம்.

மன்னரிடம் பணம் இருந்தது. பையனிடம் படிப்பு இருந்தது. இரண்டும் சந்திக்க, நடுவில் ஒரு மனிதர் வேண்டியிருந்தது. உதவித்தொகை முடிந்து படிப்பைப் பாதியில் விட்டு 1917-இல் திரும்பிய அம்பேத்கர், 1920-இல் மறுபடி லண்டன் போகக் கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும், நவல் பத்தேனா என்ற பார்சி நண்பர் கொடுத்த 5,000 ரூபாய்க் கடனும் கைகொடுத்தன. அந்த நண்பர் கிடைத்ததும் கொலம்பியாவில்தான்.

இன்றைக்குப் பணம் வைத்திருப்பது மன்னர் அல்ல, அரசு. அது கருணையும் அல்ல, நமக்கு உள்ள உரிமை. ஆனால் நடுவில் நிற்கவேண்டிய கேளுஸ்கரைக் காணவில்லை. மேல்தட்டுக் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த வேலையைச் சித்தப்பா செய்கிறார், அக்காவின் கணவர் செய்கிறார், அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு செய்கிறது. எந்தப் பல்கலைக்கழகம், எந்த மாதம், எந்தப் பேராசிரியருக்கு எப்படி மின்னஞ்சல் எழுதுவது என்பதெல்லாம் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே பேசி முடிந்துவிடும். காலனியில் முதல் பட்டதாரியாக இருப்பவருக்கு யார் சொல்வது?

இருப்பது என்னென்ன

ஒன்றிய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை 1954-55-இல் தொடங்கியது. இப்போது ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. மிச்சம் சீர்மரபு, நாடோடிப் பழங்குடிகளுக்கும், நிலமற்ற விவசாயக் கூலிகள், மரபுவழிக் கைவினைஞர்கள் குடும்பங்களுக்கும். மொத்தத்தில் 30 விழுக்காடு பெண்களுக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள், வயது 35-க்குள், முந்தைய பட்டத்தில் குறைந்தது 60 விழுக்காடு மதிப்பெண். உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் வரும் பல்கலைக்கழகம் ஒன்றில் நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் கையில் இருக்கவேண்டும். பழங்குடியினருக்குப் பழங்குடியினர் நல அமைச்சகம் தனியாக 20 இடங்கள் வைத்திருக்கிறது. நம் மாவட்டத்து இருளர் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது அது.

தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினரோடு கிறித்துவ ஆதிதிராவிடரும் இதில் வருகிறார்கள். ஒன்றிய அரசின் பட்டியலுக்குள் சேர்க்கப்படாத கிறித்துவத் தலித் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய வாசல் என்று திண்டிவனம், செஞ்சிப் பக்கத்துப் பங்குகளில் யாராவது பூசை முடிந்ததும் ஒரு நிமிடம் சொன்னால் போதும்.

இவை தவிர, சாதிச் சான்று கேட்காத பொதுவான உதவித்தொகைகள் பல இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் மாதம் 1,400 யூரோ தருகிறது. பிரிட்டனின் செவனிங், இரண்டு ஆண்டு வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு. இந்திய மாணவர்களில் வசதி குறைந்தவர்களை மனதில் வைத்தே ஃபெலிக்ஸ் உதவித்தொகை ஆக்ஸ்ஃபோர்டு, சோயாஸ், ரெடிங் பல்கலைக்கழகங்களில் நடக்கிறது. ஜப்பானின் சகுரா அறிவியல் பரிமாற்றத் திட்டத்தில் பள்ளி மாணவர்களே ஒரு வாரம்போல அங்கே சென்று ஆய்வகங்களைப் பார்த்து வருகிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் போயிருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு முறை விமானம் ஏறிய பிள்ளைக்கு, பிறகு எம்.எஸ்சி.க்கு வெளிநாடு என்றால் மிரட்சி இருக்காது.

இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அறிவிப்பு வந்த பிறகு யாரும் தயாராக முடியாது. சேர்க்கைக் கடிதம் வேண்டுமென்றால் அதற்கு முன் ஆங்கிலத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். ஐஇஎல்டிஎஸ் கட்டணம் மட்டும் ஏறக்குறைய 18,000 ரூபாய். அதற்கும் முன் பாஸ்போர்ட், 1,500 ரூபாய். இரண்டு மூன்று பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம். பிறகு 60 விழுக்காடு மதிப்பெண். பி.எஸ்சி.யில் 58 எடுத்தவரிடம் போய்த் திட்டத்தைச் சொன்னால் என்ன பயன்? இளநிலை இரண்டாம் ஆண்டிலேயே காதில் விழவேண்டிய செய்தி இது. இந்த ஒன்றிய அரசுத் திட்டத்தில் 100 இடங்கள் இருந்த ஆண்டுகளிலும் இடங்கள் நிரம்பாமலே போயிருக்கின்றன. நம் பிள்ளைகளுக்குத் தகுதி இல்லை என்று அதற்கு விளக்கம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தகுதியை வளர்த்துக்கொள்ள இரண்டு ஆண்டு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்ற சின்ன விஷயத்தை அவர்கள் சொல்வதில்லை.

வந்து சேருவது யாருடைய செய்தி

வெற்றிடத்தை நிரப்ப முகவர்கள் வந்துவிட்டார்கள். அவர்களில் பலருக்குப் பல்கலைக்கழகங்களே கமிஷன் தருகின்றன, மாணவர் கட்டும் முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கு. அப்படியென்றால் அரசு உதவித்தொகையில் போகும் வழியையும், கட்டணம் வாங்காத பல்கலைக்கழகத்தையும் அவர் ஏன் சொல்லப்போகிறார்? கட்டணம் அதிகம், தரவரிசை கீழே, கமிஷன் கொழுத்தது என்றிருக்கும் இடத்தைத்தான் அவருடைய வீடியோ காட்டும். அந்த இடம் முதல் 500-க்குள் வராது. ஆக, முகவர் வாங்கித் தரும் சேர்க்கைக் கடிதத்தை வைத்து அரசிடம் உதவித்தொகை கேட்கவும் முடியாது. வட்டிக்கடை வாசலுக்குத்தான் போகவேண்டியிருக்கும்.

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று சொல்லும் வீடியோக்கள் பொய் சொல்வதில்லை. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாதுதான். ஆனால் விசாவுக்கு முன்பாக ஓர் ஆண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்டவேண்டும் என்பதை எட்டாவது நிமிடத்தில்தான் சொல்வார்கள், சொன்னால். ஏறக்குறைய பன்னிரண்டு லட்சம் ரூபாய். 2023-இல் போலிச் சேர்க்கைக் கடிதத்தோடு கனடாவுக்கு அனுப்பப்பட்ட பஞ்சாப் மாணவர்கள் நூற்றுக்கணக்கானோர், ஆண்டுகள் கழித்து நாடுகடத்தப்படும் நிலையில் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். அவர்களையும் யாரோ ஒரு முகவர் சிரித்த முகத்தோடுதான் அனுப்பி வைத்தார்.

படம் போடுகிறார்கள், திட்டத்தின் பெயரைப் போடுவதில்லை

இதுவரை சொன்னது எல்லோருக்கும் பொருந்தும். இனிச் சொல்வது நம் பிள்ளைகளுக்கே உரியது.

உதவித்தொகையில் வெளிநாடு போன தலித் மாணவர்கள் நம் பகுதியிலும் இருக்கிறார்கள். அவர்களில் சிலரோடு பேசினோம். எல்லோருக்கும் இன்ஸ்டாகிராம் உண்டு. மீனம்பாக்கத்தில் தள்ளுவண்டியோடு படம், பனியில் படம், பட்டமளிப்பு அங்கியில் படம். எந்தத் திட்டத்தில் போனார்கள் என்று ஒரு வரி இல்லை. ஏன் என்று ஒருவரிடம் கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “எங்க ரூம்ல நாலு பேருண்ணா. நாலு பேரும் தமிழ். ஸ்காலர்ஷிப் பேரப் போட்டா நான் யாருன்னு தெரிஞ்சிடும். அப்புறம் ஒரே அடுப்புல சமைக்கறதுலேர்ந்து எல்லாம் மாறும்.”

ஏழு கடல் தாண்டிப் போன பிறகும் அடுப்பைப் பற்றிப் பயம். இதைக் கோழைத்தனம் என்று நம்மால் சொல்ல முடியவில்லை. பயத்துக்குக் காரணம் இருக்கிறது என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களே ஒப்புக்கொண்டிருக்கின்றன. 2019 இறுதியில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் தன் பாகுபாடு எதிர்ப்பு விதிகளில் சாதியைச் சேர்த்தது. 2022 ஜனவரியில் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் தன் 23 வளாகங்களுக்கும் அதைச் செய்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரமன்றம் சட்டமே கொண்டுவந்தது. சாதி அங்கே போகவில்லை என்றால் இத்தனை விதிகள் எதற்கு?

ஆனால் அந்த மௌனத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதைக் கொடுப்பது இங்கே விடுதி மாடியில் உட்கார்ந்திருக்கும் தம்பி. அவர் பார்ப்பது பனியில் நிற்கும் அண்ணனை மட்டும்தான். ‘அவங்ககிட்ட எப்படியோ பணம் இருந்திருக்கு’ என்று நினைத்துக்கொண்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறார். போனவர் தன் சாதியை மறைக்க, திட்டமும் சேர்ந்து மறைந்துபோகிறது.

முகத்தைக் காட்டித்தான் சொல்லவேண்டும் என்பதில்லை. பெயர் போடாமல் எழுதலாம். குரல் பதிவு மட்டும் அனுப்பலாம். தன் ஊர்க் குழுவுக்குள் மட்டும் பகிரலாம். வெளிப்படையாகச் சொல்லத் துணிந்தவர்களும் இருக்கிறார்கள். ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்திலிருந்து வந்த ராப் பாடகர் சுமீத் சமோஸ், 2021-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இடம் கிடைத்ததும் தான் யார், எங்கிருந்து வருகிறேன் என்று எழுதி இணையத்தில் பொதுமக்களிடம் உதவி கேட்டார். முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானோரின் சின்னச் சின்னத் தொகையில் பணம் சேர்ந்தது. அதே ஆண்டு மகாராஷ்டிரத்தின் விதர்ப்பாவில் விவசாயக் குடும்பத்து நாடோடிப் பழங்குடி இளைஞர் ராஜு கேந்த்ரே, செவனிங் உதவித்தொகை பெற்றதைத் தன் பின்னணியோடு சமூக ஊடகத்தில் எழுதினார். பரவலாகப் பகிரப்பட்டது. அவருடைய ஏகலவ்யா இந்தியா அறக்கட்டளை இப்போது முதல் தலைமுறை மாணவர்களுக்கு வெளிநாட்டு விண்ணப்பத்தில் வழிகாட்டுகிறது. எல்லோரும் சுமீத் ஆகவேண்டியதில்லை. எல்லோரிடமும் கையேந்தித்தான் படிக்கவேண்டும் என்ற நிலையும் நமக்கு உவப்பானது அல்ல. அரசு இருக்கும்போது எதற்கு அது?

அரசிடமும் சில கேள்விகள்

2022-இல் வந்த விதிமாற்றம் ஒன்று, இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றைப் படிப்போருக்குத் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை கிடையாது என்றது. 1916 மே மாதம் கொலம்பியாவின் கருத்தரங்கில் அம்பேத்கர் வாசித்த கட்டுரை, இந்தியாவில் சாதிகளின் தோற்றம் பற்றியது. இந்த விதி அன்று பரோடாவில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

2025 ஜூலையில் இன்னொன்று நடந்தது. அந்த ஆண்டுக்குத் தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் தற்காலிகக் கடிதம் போனது. மற்ற 66 பேருக்கு, நிதி இருந்தால் தரப்படும் என்றார்கள். பல்கலைக்கழகம் செப்டம்பரில் திறக்கும், விசாவுக்குப் பணம் காட்டவேண்டும், ஜூலையில் ‘இருந்தால் தருகிறோம்’ என்றால் அந்த மாணவர் யாரிடம் போய் நிற்பார்? இந்தச் செய்தி அமுங்கிவிடாமல் நாடு முழுக்கப் பேசப்பட்டதில் சமூக ஊடகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. திட்டத்தைத் தெரிந்தவர்கள் கூடினால்தான் திட்டம் குலையும்போது கேட்கவும் ஆள் இருக்கும்.

துறைகளும் சமூக ஊடகத்தில் இருக்கத்தான் செய்கின்றன. திறப்பு விழா, பொன்னாடை, குத்துவிளக்கு. விண்ணப்பத் தேதியை ஒரு படமாகப் போட்டு, மாவட்டத்தில் உள்ள எல்லா விடுதிக் காப்பாளர்களின் வாட்ஸ்அப்பிலும் அனுப்ப எவ்வளவு செலவாகும்? விடுதிச் சுவரில் உணவுப் பட்டியல் ஒட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டினால் இன்னும் நல்லது. அதைத்தான் எல்லோரும் தினம் பார்க்கிறார்கள்.

குழுவில் எழுதுவது

அந்த மாடியில் இருந்த மாணவர்கள் மறுவாரமே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். முதலில் எட்டுப் பேர். இப்போது மூன்று விடுதிகளிலிருந்து எழுபதுக்கு மேல். பெண்கள் விடுதியிலிருந்து வந்தவர்கள்தான் அதிகம் கேள்வி கேட்கிறார்கள். விதி ஒன்றுதான்: காலை வணக்கம், கட்சி, சினிமா கூடாது. எதைச் செய்தாலும் அதைச் செய்தது எப்படி என்று தமிழில் எழுதிப் போடவேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் என்னென்ன கேட்டார்கள், எத்தனை நாளில் வந்தது, சான்றிதழிலும் ஆதாரிலும் அப்பா பெயரின் எழுத்து வேறு வேறாக இருந்தால் எங்கே திருத்துவது, விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய மின்னஞ்சல் எது, அதற்கு என்ன பதில் வந்தது. வெளிநாட்டில் இருக்கும் இரண்டு பேர், பெயரை வெளியே சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு, ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் குரல் பதிவில் பதில் சொல்கிறார்கள். நோக்க அறிக்கையில் ‘நான் சிறுவயது முதலே’ என்று ஆரம்பிக்காதே என்பது அவர்களில் ஒருவர் சொன்ன முதல் அறிவுரை.

தாவரவியல் மாணவர் இந்த முறை தேதியை விடவில்லை. தேர்வுக் கட்டணத்துக்குக் கோடை விடுமுறையில் புதுச்சேரியில் வேலைக்குப் போனார். போன மாதம் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார். காவல் நிலையத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வந்த அன்று காலனியே வாசலில் கூடிவிட்டதாம். என்ன கேஸ், யார்மேல, என்று கேட்டு அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெரியவர், பையன் நல்லவன்தான் ஐயா என்று ஜாமீன் கொடுக்கவே தயாராகி நின்றிருக்கிறார். வந்த காவலர் சிரித்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அன்று இரவே குழுவில் அவர் எழுதிப் போட்டார்: “பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ணா வீட்டுக்கு போலீஸ் வருவாங்க. அது சாதாரண வெரிஃபிகேஷன். அம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க.”